பதினஞ்சாம் நம்பர் வீடு

குளத்துமேட்டுப் பரசுராமன் வாத்தியாருக்கு வயித்தெரிச்சல் எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, தேதியோட சொல்லிடலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு, பங்குனி மாசம், பொன்னியம்மன் திருவிழா. அப்போ அவருக்கு எட்டு வயசு. பங்காளி சுப்பராயனுக்கு ஏழு. சுப்பராயனோட அப்பா அதுக்கு ஒண்ணரை வருசம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டதால, பூசாரி அந்த ஏழு வயசுப் பொடியனைத் தூக்கி மணையில நிறுத்தி, தலையில பரிவட்டம் கட்டி, கழுத்துல மாலையைப் போட்டார். தலை சின்னது, துணி பெருசு. பாதிக் கண்ணை மறைச்சுது. அதுக்கப்புறம்தான் ஊருக்கே குங்குமம். பரசுராமனோட அப்பா கண்ணப்பன், நாப்பது வயசு ஆளு, கையை நீட்டிக்கினு அந்தப் பொடியனுக்குப் பின்னாடி நின்னார். எட்டு வயசுப் பையன் அதைப் பார்த்துட்டான். நாப்பது வருசம் ஆச்சு, இன்னும் தொண்டையை விட்டு இறங்கல.

மண்ணூருக்குக் கிழக்கே, ஏரிக்கரையைத் தாண்டினா குளத்துமேடு. அங்க அம்மனோட முதல் மரியாதை வரதப்பன் வகையறாவுக்குத்தான். அதுலயும் மூத்தவன் வழிக்குத்தான். வரதப்பனுக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவன் சுப்பராயன், இளையவன் கண்ணப்பன்னு ஊரே சொல்லும். தாத்தன், கொள்ளுத்தாத்தன் பேரையே பிள்ளைங்களுக்கு வைக்கிற குடும்பம், அதனால அதே பேருங்க திரும்பத் திரும்ப வந்துக்கினே இருக்கும். மூத்தவனோட கொள்ளுப்பேரன் இந்தச் சுப்பராயன். இளையவனோட கொள்ளுப்பேரன் நம்ம வாத்தியார். அவ்ளோதான் விசயம். எவனோட கொள்ளுத்தாத்தன் முன்னாடி பொறந்தான்கிறதுக்காக ஒரு மனுசன் நாப்பது வருசம் சோறு செரிக்காம இருப்பானான்னு கேட்டீங்கன்னா, இருந்தாரே!

அதுவும் சுப்பராயன் எப்படிப்பட்ட ஆளு? பரசுராமன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, டீச்சர் டிரெய்னிங் முடிச்சு, கவர்மெண்டு சம்பளம் வாங்கறவர். சுப்பராயன் அந்தப் பரீட்சையையே எழுதல. "அம்மன் பேரைச் சொல்லிக்கினு டபாய்ச்சுட்டான்"னு வாத்தியார் பார்க்கறவங்க கிட்டல்லாம் சொல்வார். படிக்காதவன், வேர்க்கடலை போடறவன், வேட்டியைக்கூட ஒழுங்கா கட்டத் தெரியாதவன். ஆனா வருசத்துக்கு ஒரு நாள் ஊரே அவன் தலையைப் பார்க்குது. இதை எந்த ஊர் நியாயம்னு சொல்றது?

வாத்தியார் சம்சாரம் லீலா சொல்லிப் பார்த்தாங்க. "அவருக்கு ரெண்டும் பொண்ணுங்க. அவருக்கப்புறம் நம்ம வூட்டுக்குத்தானே வரப் போவுது? சும்மா கெடங்களேன்."

"அவன் என்னைவிட ஒரு வயசு சின்னவன்டி! கல்லு மாதிரி கீறான். அவன் போறவரைக்கும் நான் உக்காந்துகினு இருப்பேனா?"

"அப்போ பொங்கிப் பொங்கி நீங்க முன்னாடி போய்டுங்க"ன்னுட்டு லீலா அரிசி களையப் போய்ட்டாங்க.

இப்படி இருக்கச்சேதான் தொண்ணூத்தொண்ணு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்துது. பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்குத்தான் அந்த வேலை. ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டு நாள் பயிற்சி. மேடையில நின்ன அதிகாரி ஒண்ணையே பத்துத் தரம் சொன்னார்: ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் சரி, அப்பன் பிள்ளையா இருந்தாலும் சரி, அடுப்பு தனின்னா குடும்பம் தனி. ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். திருப்பிச் சொல்லுங்கன்னப்ப எல்லாரையும்விட பரசுராமன் குரல்தான் பெருசா கேட்டுது. அதிகாரி பேர் கேட்டு, "வெரி குட்"னார். அந்த வெரி குட்டை ஊர் வந்து சேர்ற வரைக்கும் பஸ்ல நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சுக்கினு வந்தார்.

மாசி வெயில்ல பையைத் தோள்ல மாட்டிக்கினு வீடு வீடா ஏறி இறங்கினார். பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருக்கிற பலராமன் வீட்டுலதான் முதல் தகராறு. முப்பத்தெட்டு வயசு ஆளு, சாது. அவங்கப்பா காலத்துல கோலார் தங்கச் சுரங்கத்துலேர்ந்து வந்து குடியேறின குடும்பம், அதனால ஊர்ல அவங்களுக்கு "கோலாருக்காரங்க"ன்னுதான் பேரு. பலராமனோட அம்மா கிளியம்மாள் மருமகளோட ஒத்துப்போகாம, அதே வீட்டுப் பின்கட்டுல தனியா ஒரு அடுப்பை வச்சுப் பொங்கித் தின்னுக்கினு இருந்துது. பரசுராமன் அடுப்பைப் பார்த்தார். உடனே அந்தம்மாவுக்குத் தனி நம்பர் போட்டுட்டார்.

"சார், இன்னா சார் இது? பெத்த அம்மாவைப் போயி தனிக் குடும்பம்னு போடறீங்க? நாலு பேரு பார்த்தா இன்னா நெனைப்பாங்க?"

"உங்க சண்டை எனக்கு எதுக்குப்பா? ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். அப்பன் பிள்ளையா இருந்தாலும் அடுப்பு தனின்னா குடும்பம் தனி. சட்டம்னா சட்டம்."

"நாளைக்கு இதைப் பார்க்கறவன், எனக்கு அம்மாவே இல்லன்னு நெனைச்சுக்குவானே சார்?"

"எவன் வந்து பார்க்கப் போறான்? தள்ளு"ன்னுட்டு வாத்தியார் அடுத்த வீட்டுக்குப் போய்ட்டார். இந்தப் பேச்சை ஞாபகம் வச்சுக்கோங்க.

சுப்பராயன் வீட்டு வாசப்படியை மிதிக்கறப்ப வாத்தியாருக்கு ஒரு துள்ளல் வந்துது. நாற்காலி போட்டாங்க, மோர் குடுத்தாங்க. மோர் நல்லா இருந்துது, அதுகூட அவருக்குப் பிடிக்கல. பேரு, வயசெல்லாம் முடிஞ்சு படிப்புக்கு வந்தார். பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கினு, தெருவுக்கே கேக்கற மாதிரி, "படிப்பு?"ன்னார். அவருக்குத் தெரியாததா?

சுப்பராயன் தலையைச் சொறிஞ்சான். "எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சேனே, பரசு."

"படிச்ச. எழுதினியா?"

"எழுதல."

"எழுதாததை எழுதினேன்னு எப்படிப் போடறது? பதினொண்ணு முடிச்சாத்தானே நம்ம காலத்து எஸ்.எஸ்.எல்.சி.? பத்தாவதுன்னு போடறேன்."

"சரி, போட்டுக்கோ"ன்னான் சுப்பராயன். முகம் ஒரு மாதிரி சுருங்கிப் போச்சு. வாத்தியார் அதைப் பார்த்தார், அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடுதலா சாப்பிட்டார்.

மறுநாள் கர்ணம் வீடு. ஊர் நிலக்கணக்கு எழுதற கர்ணம் வேலையை அரசாங்கம் எடுத்துப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, ஆனா ஊருக்கு அது இன்னும் கர்ணம் வீடுதான். ஐயா காஞ்சிபுரம் போயிருந்தார். அவர் சம்சாரம் காந்திமதியம்மா கதவோரம் நின்னுக்கிட்டு, புருசன் பேரைக் கேட்டா வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. "உங்களுக்குத்தான் தெரியுமே வாத்தியாரே, நீங்களே எழுதிக்கோங்களேன்."

"நீங்க சொல்லித்தான் எழுதணும்னு சட்டம்மா."

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "எங்க மாமனாரோட அப்பா உங்களை மாதிரி கணக்கெடுக்கப் போனப்பவும் பொம்பளைங்க இப்படித்தான் படுத்தினாங்களாம். அவர் எழுதின நகல்கூட பொட்டியில இருக்கு. சரியா நூறு வருசத்துக்கு முன்னாடி எழுதினது. கரையானுக்குப் போட மனசு வராம வச்சிருக்கேன்."

நூறு வருசம்னதும் வாத்தியாருக்குக் காது விடைச்சுக்கிச்சு. தொண்ணூத்தொண்ணுலேர்ந்து நூறு போனா ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தொண்ணு. கொள்ளுத்தாத்தனுங்க உசுரோட இருந்த காலம்! வயசு எழுதியிருப்பாங்களே, வயசு! கையெடுத்துக் கும்பிடாத குறையா கேட்டு அந்த நோட்டை வாங்கிக்கினார். பழுப்பேறின தாளு, கொக்கி கொக்கியா எழுத்து. வீட்டு நம்பர், பேரு, தகப்பன் பேரு, உறவு, வயசு, தொழில். ஏரிக்கரை ஆலமரத்தடியில உக்காந்து ஒவ்வொரு வீடா விரலை வச்சுக்கினு வந்தார். தாளோட அடியில, கடைசியா, பதினாலாம் நம்பர் வீடு. வரதப்பன், வயசு அம்பத்தஞ்சு. சம்சாரம். மகன் கண்ணப்பன், இருவத்திரெண்டு. மகன் சுப்பராயன், பத்தொம்போது.

இன்னொரு தரம் படிச்சார். கண்ணப்பன் இருவத்திரெண்டு. சுப்பராயன் பத்தொம்போது. எங்க கொள்ளுத்தாத்தன்தான்டா மூத்தவன்! அவருக்குத் தலைகால் புரியல. எங்கப்பன் கையை நீட்டிக்கினு நின்னாரே, அந்தப் பொடியன் பின்னாடி நின்னாரேன்னு அங்கயே துண்டால முகத்தைப் பொத்திக்கினு அழுதார். அழுது முடிச்சு, நோட்டை மூடி, துண்டுல சுத்தி, அக்குள்ல இடுக்கிக்கினு வீட்டுக்கு ஓடினார். அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கணும்னு அவருக்குத் தோணல.

பங்குனி பொறந்ததும் திருவிழாவுக்குத் தேதி வைக்கக் கோயில் முன்னாடி ஊர்க்கூட்டம். வழக்கம்போலப் பலராமன்தான் எல்லாருக்கும் தூக்குல டீ கொண்டாந்து ஊத்திக்கினு இருந்தான். தர்மகர்த்தா காப்புக் கட்டற நாளைச் சொல்லி, "வழக்கம்போல சுப்பராயனுக்கு..."ன்னு ஆரம்பிச்சார். பரசுராமன் எழுந்தார்.

"ஒரு நிமிசம். வழக்கம் தப்பு."

கூட்டம் திரும்பிப் பார்த்துது. இந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் அந்த மனுசன் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக்கினு வந்திருந்தார். துண்டைப் பிரிச்சு நோட்டை எடுத்தார். "நூறு வருசத்துக்கு முன்னாடி சர்க்கார் எடுத்த கணக்கு. கர்ணம் கைப்பட எழுதின நகல். நான் சொல்லல, இது சொல்லுது"ன்னு பதினாலாம் நம்பர் வீட்டைப் படிச்சார். வயசுங்களை ரெண்டு தரம் படிச்சார். "மரியாதை மூத்தவன் வழிக்குத்தானே? அப்போ யாருக்கு? நீங்களே சொல்லுங்க."

தர்மகர்த்தா தாடியைத் தடவினார். "எழுத்துல இருந்தா எழுத்துதான். மூத்தவன் எவனோ அவன் வழிக்குத்தான். சுப்பராயா, நீ இன்னாப்பா சொல்ற?"

கத்துவான், அடிக்க வருவான்னு பரசுராமன் எதிர்பார்த்தார். மனசுக்குள்ள பதில்கூடத் தயார் பண்ணி வச்சிருந்தார். சுப்பராயன் எழுந்து வந்து, "குடு பரசு, ஒரு தபா பார்த்துடறேன்"னான். விரலை வச்சு மெதுவா எழுத்துக் கூட்டிப் படிச்சான். அடி வரைக்கும் வந்தான். தாளைத் திருப்பினான்.

"பதினஞ்சாம் நம்பர் வீடு. பலராமன். தகப்பன் வரதப்பன். வயசு இருவத்தெட்டு. சம்சாரம் கிளியம்மாள்." நிமிர்ந்தான். "பரசு, இது யாரு?"

டீ ஊத்திக்கினு இருந்த பலராமன் தூக்கைக் கீழே வச்சான்.

"அது... அது வேற வரதப்பனா இருக்கும்"னார் வாத்தியார்.

"அடுத்த வூட்டுலயேவா?"ன்னார் தர்மகர்த்தா.

"மகன்னா அப்பன் வூட்டுக் கணக்குலதானே வந்திருக்கணும்? இல்லையே! தனி நம்பர்ல வருதுன்னா அவன் எப்படி மகனாவான்?" வாத்தியாருக்குக் குரல் கிறீச்சிட்டுது.

பலராமன் முன்னாடி வந்தான். அந்த ஆளு கூட்டத்துல பேசி யாரும் பார்த்ததே இல்ல. "சார், போன மாசம் எங்க அம்மாவுக்குத் தனி நம்பர் போட்டீங்களே. அடுப்பு தனின்னா குடும்பம் தனி, அப்பன் பிள்ளையா இருந்தாலும் சட்டம்னா சட்டம்னு. அந்தக் காலத்துலயும் உங்களை மாதிரி ஒருத்தர்தானே சார் எழுதியிருப்பாரு?"

கூட்டத்துல ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. பரசுராமனுக்கு மட்டும் காதெல்லாம் சூடாச்சு.

"எங்கப்பாவோட தாத்தா பேரைத்தான் எனக்கு வச்சாங்க"ன்னான் பலராமன். "அம்மாவுக்கும் அந்தக் கொள்ளுப்பாட்டி பேரேதான் அமைஞ்சுது, அதனாலயே கட்டிக்கினதா எங்கப்பா சொல்வாரு. அந்தப் பலராமன் இங்க அப்பனோட சண்டை போட்டுத் தனியாப் போயி, அப்புறம் கோலாருக்கே போய்ட்டாராம். நாங்க இந்த ஊருதான், வரதப்பன் வகையறாதான்னு எங்கப்பா திரும்பி வந்தப்ப எத்தினியோ சொல்லிப் பார்த்தாரு. வாத்தியாரோட அப்பாதான், பொழைக்க வந்தவன்லாம் பங்காளியாயிட முடியாதுன்னு இதே எடத்துல விரட்டினாரு. அதுக்கப்புறம் எங்கப்பா அந்தப் பேச்சையே எடுக்கல."

இருவத்தெட்டு, இருவத்திரெண்டு, பத்தொம்போது. கணக்கு வாத்தியாருக்கு இதுக்கு மேல என்ன விளக்கணும்? தர்மகர்த்தா எழுந்து நின்னார். "வாத்தியாரே, நீங்க கேட்டதுதான். மூத்தவன் வழிக்கு. எழுத்துல இருக்கு. பலராமா, நாளன்னிக்குக் காப்பு. மரம் மாதிரி நிக்காத, போய்த் தலைமுழுகு."

வீட்டுக்கு வந்த வாத்தியார் சட்டையைக் கழட்டாம சுவரைப் பார்த்துக்கினு உக்காந்தார். லீலா தெருவுல எல்லாம் கேட்டுக்கினுதான் வந்திருந்தாங்க. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொன்னாங்க. "சும்மா இருந்திருந்தா நம்ம புள்ளைக்காவது வந்திருக்கும்." அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல, பரசுராமனுக்குத்தான் அது காதுலயே இருந்துது.

திருவிழா வந்துது. காப்புக் கட்டினவன் பத்து நாளைக்குச் சவரம் பண்ணக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பலராமனோட டீக்கடை பஸ் ஸ்டாப்புல, எல்லைக்கு அந்தப் பக்கம். கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற ஆளுங்களுக்குப் பத்து நாளும் கிளியம்மாள்தான் டீ போட்டுது, மருமகளோட சேர்ந்து. வாத்தியார் அந்தப் பக்கமே போகல.

தேர் நாள் காலையில ஊரே கோயில் முன்னாடி நின்னுது. வராம இருந்தா அதை வேற பேசுவாங்கன்னு பரசுராமனும் வந்தார். கூட்டத்துல யாரோ பக்கத்துல வந்து நின்னான், திரும்பிப் பார்த்தா சுப்பராயன். மழமழன்னு சவரம் பண்ணி, வெத்தலை போட்டுக்கினு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். நாப்பது வருசமா திருவிழா நாள்ல சவரம் பண்ணின முகத்தோட அவனை யாரும் பார்த்ததே இல்ல.

உள்ளே மேளம் கெட்டியா கொட்டிச்சு. பலராமனை மணையில ஏத்தி, பூசாரி பரிவட்டத்தைக் கட்டினார். பெரிய தலை, துணி சரியா உக்காந்துது.

"அப்பாடா"ன்னான் சுப்பராயன்.

பரசுராமன் திரும்பினார். "இன்னா அப்பாடா? உனக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தமா? நாப்பது வருசம்டா பரசு. உனக்கு ஞாபகம் கீதா? நாம எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய வருசம், பரீட்சையும் திருவிழாவும் ஒண்ணா வந்துது. எனக்குக் காப்புக் கட்டிட்டாங்க. நீ நோட்டைக் கையில வச்சிக்கினு ஸ்ரீபெரும்புதூருக்கு நடந்து போன. நான் எல்லைக் கல்லு வரைக்கும் வந்து நின்னுப் பார்த்துக்கினு இருந்தேன். அதைத் தாண்டினா அம்மன் கண்ணைக் குத்திடும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. அடுத்த வருசம் எழுதலாம்னாங்க, அடுத்த வருசம் நிலத்துல ஏர் புடிக்க ஆள் இல்ல." வெத்தலையைத் துப்பிட்டு வந்தான். "உன் முதுகு கண்ணுக்கு மறையற வரைக்கும் பார்த்தேன்டா. உன்மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா? இன்னிக்கும் நீ சாக்பீஸ் தூளோட தெருவுல வரச்சே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். போன மாசம் பத்தாவதுன்னு போட்டியே, அதுவும் சரிதான். எழுதலையே."

பரசுராமனுக்கு அந்தச் சுருங்கின முகம் ஞாபகம் வந்துது. அன்னிக்குச் சாப்பிட்ட ரெண்டு தோசையும் ஞாபகம் வந்துது. டபாய்ச்சுட்டான், டபாய்ச்சுட்டான்னு முப்பது வருசமா ஊருக்கெல்லாம் சொன்னோமேன்னு வாய் ஏதோ சொல்லப் பார்த்துது. மன்னிச்சுக்கோடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கூட்டத்துல யாருக்கும் கேட்டிருக்காது. ஆனா பாழாப்போன மனசு எங்க போச்சு தெரியுமா? இவன் எவ்ளோ நிம்மதியா நிக்கறான் பாருன்னு அங்கதான் போச்சு. விட்டுட்டு நிம்மதியா நிக்கறதுக்காவது இவன்கிட்ட ஒண்ணு இருந்துதே, எனக்கு அதுவும் இல்லையேன்னு வயிறு மறுபடியும் எரிஞ்சுது.

பூசாரி தட்டோட வெளியில வந்தார். "ரெண்டாவது, கண்ணப்பன் வழி"ன்னு கூப்பிட்டார். நோட்டுல இருக்கிற வயசு வரிசைப்படிதான் இனிமேன்னு ஊர்ல முடிவாகியிருந்துது. இப்போ கடைசிப் பிள்ளையோட வழின்னு ஆயிட்ட சுப்பராயன் மூணாவது.

"போ பரசு, உன்னைத்தான் கூப்பிடறாங்க"ன்னு சுப்பராயன் அவர் முதுகுல கையை வச்சுத் தள்ளினான். "எனக்கு முன்னாடி நீதான் இப்போ."

பரசுராமன் முன்னாடி போனார். பலராமனுக்குப் பின்னாடி நின்னு, அவங்கப்பா நீட்டின மாதிரியே கையை நீட்டினார்.